எலி தின்ற வற்றலும் முதல் பனியும்

முக்தாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழ்ந்துவிடும். ஸ்ரீநகரின் பழைய பகுதியில், ஆற்றை ஒட்டிய அந்தக் கூட்டுக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அவள் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத பெண் என்று தெருவே சொன்னது. அவளுக்குக் கடிக்கத் தெரியும். எந்த விரல், எந்த நாள், எவ்வளவு உள்ளே வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு நேரம் பார்த்திருந்தாள், அவ்வளவுதான். ஆண்டவன் சிலருக்கு அழகைக் கொடுக்கிறான், சிலருக்குப் பொருளைக் கொடுக்கிறான். முக்தாவுக்கு மறதியைக் கொடுக்காமல் விட்டுவிட்டான்.

அவள் மறக்காததெல்லாம் ஒருத்தியைப் பற்றியது. கணவனின் அண்ணன் சமதின் மனைவி ஹாஜ்ரா, அதாவது முக்தாவின் ஓரகத்தி. மூத்தவள் என்பதால் முக்தா அவளை ஆபா என்று கூப்பிடுவாள்.

அந்த ஊரில் வருஷத்தின் முதல் பனி விழுந்த அன்று ஒரு விளையாட்டு உண்டு. ஒரு பிடி பனியை எதற்குள்ளாவது மறைத்து, வேறு ஏதோ பொருள் என்று சொல்லி, இன்னொருவர் கையில் கொடுத்துவிட வேண்டும். வாங்கிய கையைப் பார்த்து 'நவ ஷீன் முபாரக்', புதுப் பனி வாழ்த்து என்று கத்திவிட்டால் ஆட்டம் முடிந்தது. வாங்கியவர் தோற்றார். ஜெயித்தவர் கேட்கும் விருந்தை அவர் போட்டே ஆக வேண்டும். பள்ளிவாசல் பெரியவர்கள்கூட அன்றைக்கு மனைவி நீட்டும் கோப்பையைச் சந்தேகத்தோடுதான் வாங்குவார்கள்.

முக்தா புதுப்பெண்ணாக வந்த வருஷம், முதல் பனி விழுந்த காலையில் ஹாஜ்ரா ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்து கொடுத்தாள். "உங்கம்மா கொடுத்தனுப்பியிருக்காங்கடி" என்றாள். அப்போது முக்தாவின் தாய் படுக்கையில் கிடந்தாள். இவள் முடிச்சை வாங்கி, முத்தமிட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. பனித் தண்ணீர். வீடே சிரித்தது. ஹாஜ்ரா விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முக்தாவும் சிரித்துவிட்டு, தோற்றவள் என்பதால் கறி சமைத்துப் போட்டாள். அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் தாய் போய்ச் சேர்ந்தாள்.

அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேலாக ஒவ்வொரு முதல் பனிக்கும் ஜெயித்தவள் ஹாஜ்ராதான்.

போன இலையுதிர் காலத்தில் பாகம் பிரித்தார்கள். ஆற்றங்கரை வீடு அண்ணனுக்கு என்றும், மலையடிவாரத்து நிலம் தம்பி கஸீருக்கு என்றும் முடிவாயிற்று. கஸீர் மினிபஸ் ஓட்டுகிறவன். இருந்ததைப் போட்டு அங்கே செங்கல் சுவர் எழுப்பி, தகரக் கூரை போட்டான். சுவர் ஈரம் காயுமுன்னே குடிபோக வேண்டி வந்தது. உறவுக்காரர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். ஹாஜ்ரா எல்லார் முன்னாலும் நெஞ்சில் கை வைத்து, "வீடு ரெண்டானா என்ன? வாசல் ஒண்ணுதான். என் கொழுந்தன் வாசல் என் வாசல்" என்றாள்.

சாமான் ஏற்றுகிற அன்று முக்தா மாடிப்பரணுக்கு ஏறினாள். கோடை முழுக்க அவள் கையால் அறுத்துக் காயவைத்த வற்றல் அங்கேதான் தொங்கியது. சுரைக்காய் வளையங்கள், நான்காகக் கீறிய கத்தரிக்காய், தக்காளி. கஸீரின் பழைய நீலக் கம்பளிச் சட்டையைப் பிரித்து எடுத்த நூலில் கோத்து, மாலை மாலையாகத் தொங்கவிட்டிருந்தாள். பனிக்காலத்தில் சாலை அடைபட்டுக் காய்கறி வராத நாட்களுக்கு அதுதான் சோறு.

பரண் கதவில் பூட்டு தொங்கியது.

"இன்னும் சரியா காயலடி. இப்ப எடுத்தா பூஞ்சை பிடிச்சிரும்" என்றாள் ஹாஜ்ரா. "காயட்டும், நானே அனுப்பி வைக்கிறேன்."

பதினைந்து நாள் கழித்து கஸீர் போய்க் கேட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தான்.

"எலி தின்னுடுச்சாம்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தானாம். அண்ணி ரொம்ப வருத்தப்பட்டாங்க."

"நூலையும் தின்னுடுச்சாமா?" என்று கேட்டாள் முக்தா. குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. கஸீருக்கு இருபது வருஷப் பழக்கம். அவன் பஸ் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

புது வீட்டில் அவர்கள் முள்ளங்கியும் உருளைக்கிழங்கும் தின்றார்கள். முள்ளங்கி தீர்ந்ததும் உருளைக்கிழங்கு மட்டும் தின்றார்கள். சுவர் வியர்த்தது. ஜன்னலுக்குக் கண்ணாடி இன்னும் வரவில்லை, பிளாஸ்டிக் தாள் அடித்திருந்தது. பழைய வீட்டில் கல்தரைக்குக் கீழே நெருப்பெரியும் ஒரு சூடான அறை உண்டு. அங்கே ஹாஜ்ரா காலை நீட்டிக்கொண்டு சுரைக்காய் வற்றல் குழம்பு சாப்பிடுவதை, ஃபிரன் அங்கிக்குள் கனல் சட்டியை அணைத்துக்கொண்டு முக்தா நினைத்துப் பார்ப்பாள். ஐந்து வேளையும் தொழுகிறவள் அவள். ஓரகத்திக்கு நல்ல புத்தியைக் கொடு என்று துஆ கேட்டுப் பார்த்தாள். நாக்கு கேட்டது, நெஞ்சு கூடவே வேறொன்று கேட்டது: கொடுப்பதற்கு முன்னால் அவளை ஒரு தடவை என் கையில் கொடு.

ஒரு நாள் காலையில் கதவு திறக்கவில்லை.

முக்தா தள்ளினாள். கஸீர் தோள் கொடுத்துத் தள்ளினான். பழைய வீட்டில் கதவு உள்பக்கம் திறக்கும். இங்கே கொத்தன் வெளிப்பக்கம் திறக்கும்படி வைத்துவிட்டுப் போயிருந்தான். வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி. குழாயைத் திருகினால் ஒரு பெருமூச்சு மட்டும் வந்தது. கூரைத் தகரம் பாரத்தில் முனகியது. பிளாஸ்டிக் தாள் ஒரு பக்கம் கிழிந்து, அரிசிப் பானை மேல் வெள்ளையாகத் தூவியிருந்தது.

"இதென்ன வீடு!" என்றான் கஸீர், தான் கட்டியதை மறந்து.

அடுத்த வீட்டு ஜானா மரப்பலகையால் வாசலைத் தோண்டிவிட்டாள். பால் விற்கிறவள், வாய்க்குப் பூட்டு கிடையாது.

"உசுரோட இருக்கியா, பட்டணத்துக்காரி? வெளிப்பக்கம் திறக்கிற கதவு! கபருக்குழிக்குக்கூட யாரும் இப்படி வைக்க மாட்டாங்களே! குழாயை ராத்திரி சொட்டுச் சொட்டா ஒழுக விட்டிருக்கணும்னு யாரும் சொல்லலையா?"

"சொல்ல யாரு இருக்கா, ஜானா? ஆமா, பனி இவ்வளவு சீக்கிரமா வருமா?"

"இங்க அப்படித்தான். பட்டணத்துல இன்னிக்கு மழை கொட்டிட்டிருக்கும். எங்க வாசல்ல விழுந்து ரெண்டு நாள் கழிச்சுத்தான் அவங்களுக்குப் பனி. எங்க மிச்சம்தான் அங்க போகுது!"

முக்தா கையில் வாளியோடு அப்படியே நின்றாள்.

"பட்டணத்துல பனியே இல்லையா?"

"ஒரு பொட்டு இருக்காது. ஏன் இப்படிச் சிரிக்கிறே?"

முக்தா உள்ளே போய், பரணில் இருந்து தாய்வீட்டுச் சமாவாரை இறக்கினாள். கல்யாணச் சீராக வந்தது. முழங்கால் உயரச் செம்பு, நடுவில் கரி போடும் குழல், சுற்றிலும் தேநீர் கொதிக்கும் வயிறு, உடம்பெல்லாம் சினார் மர இலை வேலைப்பாடு. ஹாஜ்ராவுக்கு அதன் மேல் கண். 'உனக்கெதுக்குடி இவ்வளவு பெரிசு' என்று வருஷத்துக்கு ஒரு முறையாவது கேட்பாள். முக்தா அதன் வயிற்றுக்குள் வாசல் பனியை அள்ளி அள்ளி, அகப்பைக் காம்பால் இடித்து அடைத்தாள். மூடியைக் கயிற்றால் கட்டினாள். மேலே ஒரு கம்பளி, அதற்கு மேல் இன்னொரு கம்பளி.

"மெதுவா, மெதுவா, செம்பு நசுங்கிடும்" என்றான் கஸீர். "என்ன பண்றே நீ?"

"உங்க பஸ் எப்ப கிளம்பும்?"

"சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டிட்டாக் கிளம்பலாம். முக்தா, வேணாம். அண்ணன் முகத்துல நான் முழிக்கணும்."

"நான் வற்றல் இல்லாம முழிச்சிட்டிருக்கேன். சங்கிலியை மாட்டுங்க."

பஸ்ஸில் முன்சீட்டில் சமாவாரை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஜன்னலை முழுக்கத் திறந்துவிட்டாள். வாடைக்காற்று உள்ளே பாய்ந்தது. பின்னால் இருந்தவர்கள் கூச்சல் போட்டார்கள்.

"ஏம்மா, ஜன்னலைச் சாத்து! நாங்க என்ன மீனா, ஐஸுல வைக்க?"

"எனக்குத் தலை சுத்துது, அண்ணே. வாந்தி வந்துரும் போல."

"அப்ப திறந்தே இருக்கட்டும், தாயி" என்று முன்னால் இருந்தவர் அவசரமாகச் சொன்னார்.

கீழே இறங்க இறங்க வெள்ளை மெலிந்தது. பிறகு சேறு, பிறகு மழை. ஜானா சொன்னது பொய்யில்லை. ஆற்றங்கரைத் தெருவில் கூரைகளிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது, பனியின் சுவடே இல்லை. சுப்ஹானின் ரொட்டிக்கடை முன்னால் வழக்கம்போல நாலு பேர் அடுப்பின் சூட்டுக்கு ஒண்டி நின்றார்கள். கடைக்கு எதிரே சமதின் வீடு. ஹாஜ்ரா வாசலில் நின்று, மழைத் தண்ணீரை விளக்குமாறால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அடடே, யாரு இது! காட்டுல நரி ஊளை தாங்காம ஓடி வந்துட்டியாடி?"

"ஆமா, ஆபா" என்றாள் முக்தா, மூச்சு வாங்கியபடி. "புது வீட்டுல இதை வைக்க இடமில்லே. சுவரெல்லாம் ஈரம், செம்பு களிம்பு பிடிக்குது. உங்ககிட்ட இருந்தா நல்லா இருக்கும்னு கொண்டாந்தேன்." கம்பளியை ஒரு ஓரம் விலக்கினாள். செம்பு மின்னியது.

ஹாஜ்ராவின் கையிலிருந்து விளக்குமாறு விழுந்தது. இரண்டு கையையும் நீட்டி, குழந்தையை வாங்குவது போல வாங்கிக்கொண்டாள்.

"என்ன பாரம்டி! அந்தக் காலத்துச் செம்பு அந்தக் காலத்துச் செம்புதான். ஆனா ஏன் இப்படிச் சில்லுனு..."

முக்தா கயிற்றை இழுத்தாள். மூடி தெறித்தது. உள்ளே வாய் வரைக்கும் வெள்ளை.

அப்போதுதான் அந்தத் தெரு முதன்முதலாக முக்தாவின் குரலைக் கேட்டது. "நவ ஷீன் முபாரக், ஆபா! நவ ஷீன் முபாரக்!"

ரொட்டிக்கடையில் நின்றவர்கள் ஓடி வந்தார்கள். சுப்ஹான் மாவுக் கையோடு வந்து சமாவாருக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, விலாவைப் பிடித்துக்கொண்டான்.

"இது செல்லாது!" என்று கத்தினாள் ஹாஜ்ரா. "இங்க மழைதான் பெய்யுது! எங்கேயோ மலையில விழுந்ததை அள்ளிட்டு வந்தா முதல் பனியாயிடுமா?"

"எங்கேயோ இல்லே, என் வாசல்ல விழுந்தது" என்றாள் முக்தா.

"உன் வாசல்ல விழுந்தா எனக்கென்ன?"

சுப்ஹான் மாவுக் கையை உயர்த்தினான். "நில்லுங்க ஹாஜ்ரா பீபி. பாகம் பிரிச்ச அன்னிக்கு நானும் இங்கதானே நின்னேன்? 'கொழுந்தன் வாசல் என் வாசல்'னு நெஞ்சுல கை வெச்சுச் சொன்னீங்களே. அப்ப உங்க வாசல்லதான் பனி விழுந்திருக்கு. உங்களுக்குச் சேதி வரத்தான் கொஞ்சம் தாமதம்."

கூட்டம் சிரித்தது. வீட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த சமத், தொண்டையைச் செருமிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"சரி, சமாவார் எனக்குத்தானே? நீயே வாயால சொன்னே" என்றாள் ஹாஜ்ரா.

"பனி வந்தது துணியானாலும் பாத்திரமானாலும் அனுப்பினவளுக்கே திரும்பும், பீபி. எங்க பாட்டன் காலத்துலேர்ந்து அதான் முறை" என்றான் சுப்ஹான்.

ஹாஜ்ரா உதட்டைக் கடித்தாள். "என்ன வேணும் உனக்கு? கறியா? கோழியா?"

"அதெல்லாம் எதுக்கு, ஆபா, வீண் செலவு?" முக்தாவின் குரல் மறுபடி இறங்கிவிட்டது. வெல்லப்பாகு போல இருந்தது. "வற்றல் போதும். சுரைக்காய், கத்தரி, தக்காளி. வெள்ளிக்கிழமை எங்க வீட்டுக்கு வந்து, நீங்களே ஊறவெச்சு, நீங்களே சமைச்சு, உங்க கையால பரிமாறுங்க. சொந்தக்காரங்க எல்லாரையும் நான் கூப்பிட்டுக்கறேன்."

"வற்றலா? அதைத்தான் எலி..."

"ஐயோ, அதை நான் கேப்பேனா? பாவம், எலி தின்னது தின்னதுதான். கடையில வாங்கிட்டு வாங்க."

காசு கொடுத்து வற்றல் வாங்குகிற கை அது அல்ல என்று முக்தாவுக்குத் தெரியும். இருபது வருஷம் அந்தக் கையோடு ஒரே அடுப்படியில் இருந்தவள்.

வெள்ளிக்கிழமை வந்தது. அதற்குள் பட்டணத்திலும் பனி விழுந்துவிட்டது. கஸீரின் பஸ்ஸிலேயே சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள், சுப்ஹானும் வந்தான். கடைசியில் சமதும் ஹாஜ்ராவும் இறங்கினார்கள். ஹாஜ்ரா தோளில் ஒரு சாக்குப்பை. முழங்கால் பனியில் பட்டணத்துச் செருப்போடு அவள் நடந்து வந்ததை முக்தா வாசலில் நின்று, அவசரமில்லாமல் பார்த்தாள்.

"எவ்வளவு கேட்டான் தெரியுமா கடைக்காரன்! கொள்ளைக்காரன்!" என்றபடியே பையைச் சமையற்கட்டில் கவிழ்த்தாள் ஹாஜ்ரா. சுரை வளையங்களும் கத்தரியும் தனித்தனியாக உதிர்ந்தன. ஒரு நூலும் இல்லை.

"கோக்காமயே விக்கிறானா?" என்று கேட்டாள் ஜானா.

"இப்பல்லாம் அப்படித்தான் விக்கிறாங்க."

முக்தா பெரிய தாம்பாளத்தை எடுத்து நடுவில் வைத்து, ஹாஜ்ரா கையில் கொதிக்கிற தண்ணீரைக் கொடுத்தாள். வற்றலை ஊறவைக்காமல் சமைக்க முடியாதே. சுற்றிப் பெண்கள் குந்தியிருந்தார்கள். ஹாஜ்ரா தண்ணீரை ஊற்றினாள். ஆவி அடங்கியதும் எல்லாரும் குனிந்து பார்த்தார்கள்.

தண்ணீர் மெல்ல நீலமாகிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு சுரை வளையத்தின் நடுவிலும் நூல் பட்ட இடத்தில் ஒரு நீலக் கோடு. கோடையிலேயே ஒட்டிய கம்பளிச் சாயம். காய்ந்தபோது கண்ணுக்குத் தெரியவில்லை, வெந்நீர் பட்டதும் விழித்துக்கொண்டது.

"இது கஸீர் அண்ணனோட கம்பளிச் சட்டை நிறமில்லே?" என்றாள் ஒருத்தி. "பெருநாளுக்கெல்லாம் அதைத்தானே போட்டுட்டு வருவாரு!"

"அடி ஆத்தே, நல்ல எலி!" என்றாள் ஜானா. "நூலை மட்டும் தின்னுட்டு வற்றலை விட்டுட்டுப் போயிருக்கே! எங்க ஊரு எலிக்கு இந்த நாசூக்கு வராதும்மா."

சிரிப்பு சமையற்கட்டிலிருந்து ஆண்கள் இருந்த அறைக்குப் போனது. அங்கே என்ன என்று கேட்டார்கள், சொன்னார்கள். பிறகு அங்கிருந்து ஒரு சிரிப்பு வந்தது. சமத் மட்டும் பிளாஸ்டிக் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முக்தா சிரிக்கவில்லை. வீடே சிரிக்க நடுவில் ஒருத்தி உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அதை ஹாஜ்ராவின் முகத்தில் கடைசி வரை நின்று பார்த்தாள். குளிருக்கு இதமாக இருந்தது.

ஹாஜ்ராவும் சும்மா விடுகிறவள் அல்ல. முகம் கன்றிப்போய் அடுப்புப் பக்கம் திரும்பியவள், கை நிறைய உப்பை அள்ளிச் சட்டியில் போட்டாள். இன்னொரு கையும் போட்டாள். முக்தா பார்த்துவிட்டாள்.

விருந்தென்றால் அங்கே நாலு பேர் ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம். ஹாஜ்ரா சோற்றின் மேல் குழம்பை ஊற்றிவிட்டு, சமைத்தவள் கடைசியில் சாப்பிடுகிறேன் என்று நழுவப் பார்த்தாள்.

"அதெப்படி, ஆபா?" என்று முக்தா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "நீங்களும் நானும் ஒரே தட்டு. முதல் தட்டு நம்மது. நாம வாய் வெச்ச பிறகுதான் மத்தவங்களுக்கு."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முக்தா பிஸ்மி சொல்லி ஒரு கவளம் எடுத்தாள். கடல் தண்ணீரை விழுங்கியது போல இருந்தது. முகத்தில் ஒரு சுருக்கம் காட்டவில்லை.

"என்ன ருசி, ஆபா! இந்தக் கை யாருக்கு வரும்! சாப்பிடுங்க."

ஹாஜ்ரா சாப்பிட்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"இன்னொரு வாய். நீங்க நிறுத்தினா சபையில என்ன நினைப்பாங்க? உப்பு கூடிப்போச்சோன்னு நினைக்க மாட்டாங்களா?"

ஒருத்தி ஒரு கவளம் எடுத்தால் மற்றவளும் எடுத்தாள். இருவரும் தண்ணீரைத் தொடவில்லை. முதலில் தொடுகிறவள் தோற்றாள் என்று யாரும் சொல்லவில்லை, ஆனாலும் இருவருக்கும் அது தெரியும். தாம்பாளத்தில் அவர்கள் பக்கத்துச் சோறு குறைந்து செம்பு தெரிந்தது. கஸீர் எட்டிப் பார்த்து ஏதோ சொல்ல வந்து, மனைவியின் முகத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டான். கடைசியில் ஹாஜ்ராவுக்கு விக்கல் எடுத்தது. எழுந்து குடத்தடிக்குப் போய், குவளையைக்கூடத் தேடாமல் அகப்பையால் மொண்டு மொண்டு குடித்தாள்.

"உப்பைத் தின்னா தண்ணி குடிச்சுத்தானே ஆகணும்" என்றாள் ஜானா, யாரையும் பார்க்காமல்.

மற்றவர்களுக்காக முக்தா அந்தக் குழம்பில் தண்ணீரும் தயிரும் விட்டுக் கொதிக்க வைத்துச் சரிசெய்தாள். நன்றாகவே இருந்தது, எல்லாரும் இரண்டு தடவை கேட்டு வாங்கினார்கள். ஊறப்போடாத பாதிச் சாக்கு வற்றல் மூலையில் கிடந்தது. போகும்போது ஹாஜ்ரா அதைப் பார்த்தாள், குனிந்து எடுக்கவில்லை. விருந்துக்கு வந்த பொருளைத் திருப்பிக் கொண்டுபோக அவளுக்கே கை வரவில்லை. படியிறங்கிய பிறகு தலையைத் திருப்பி, "பூமி காஞ்சதும் வரேன்டி" என்றாள். அது மிரட்டலா உபசாரமா என்று தெரியவில்லை. முக்தா, "வாங்க ஆபா, உங்க வாசல்தானே" என்றாள்.

பஸ் போன பிறகு அவள் புது வீட்டில் ஆணி அடித்து, மிச்ச வற்றலைப் புது நூலில் கோத்துத் தொங்கவிட்டாள். பனி மறுபடி தூறத் தொடங்கியது. கதவை உள்ளிருந்து தள்ளிப் பார்த்துவிட்டு, மரப்பலகையைக் கைக்கெட்டும் இடத்தில் சாய்த்து வைத்தாள். குழாயைச் சொட்டுச் சொட்டாக ஒழுக விட்டாள்.

மாலை பாங்கு கேட்டது. தொழுது முடித்துக் கையேந்தியபோது, இன்றைக்காவது மன்னித்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. மன்னிக்கிறவர்களை ஆண்டவனுக்குப் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? "யா அல்லாஹ், என் ஓரகத்தியை..." என்று ஆரம்பித்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தொண்டை வறண்டு எரிந்தது. எழுந்து போய் இரண்டு செம்புத் தண்ணீர் குடித்தாள், தாகம் அடங்கவில்லை. மறுபடி வந்து உட்கார்ந்து கையேந்தினாள்.

"அவளுக்கு ஹயாத்தை, ஆயுசை நீட்டிக் கொடு, ஆண்டவனே" என்றாள் கடைசியில். "அடுத்த வருஷமும் பனி எங்க பக்கம் முதல்ல விழட்டும்."